அம்மா விளையாடிய தோட்டம்

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரும்பாலும் கிரிக்கெட் பேசுவோம். இல்லாவிட்டால் விலைவாசி. அண்மையில் ஒருநாள் பேச்சு எப்படியோ வீடியோ கேம் பக்கம் திரும்பியது. சின்ன வயதில் விளையாடியதில் எது சிறந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கிச் சண்டை, கார்ப் பந்தயம், கால்பந்து. என் முறை வந்தபோது, ஒரு இளைஞன் தனியாகத் தோட்டம் செய்கிற விளையாட்டு என்று சொன்னேன்.

"அதில என்ன செய்யிறது?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"தண்ணி விடுறது, களை பிடுங்கிறது, மாட்டுக்குப் புல்லுப் போடுறது."

"அதைச் செய்யத்தானே ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் கொஞ்சம் கோபம் வந்தது.

அன்று பின்னேரம் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் இல்லை. மெதுவானது, படங்கள் சொரசொரப்பானவை, வெல்வதற்கு எதுவுமில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் அந்த விளையாட்டுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கான காரணத்தைச் சொல்வதென்றால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் குடியிருந்தோம். ரயில் போனால் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பித்தார். அண்ணா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். கூடப் படித்த ஒருவனிடமிருந்து பழைய கேம் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, டீவிக்குக் கீழே வைத்திருந்தான். நான் அவனைவிட நான்கு வயது இளையவள். அவன் இல்லாத நேரம் மட்டும் எனக்கு அந்த மெஷின் கிடைக்கும்.

ஒருநாள் அண்ணா பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கார்ப் பந்தய டிஸ்க் என்று வாங்கி வந்தான். உறையில் சிவப்புக் கார் இருந்தது. மெஷினில் போட்டால் ஒரு பாழடைந்த குடிசையும், புல் மண்டிய நிலமும், நாயும் வந்தன. எழுத்தெல்லாம் யப்பானிய மொழி. அண்ணா உடனேயே கடைக்குத் திருப்பிக் கொண்டு போனான். கடைக்காரர் தலையை ஆட்டி "பே மல்லி", ஏலாது தம்பி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டாராம். திரும்பி வந்து டிஸ்க்கை என் மடியில் போட்டு, "இந்தா, நீ வைச்சிரு" என்றான்.

அப்படித்தான் அது எனக்குச் சொந்தமானது. பெயர் வாசிக்கத் தெரியாததால் நாங்கள் அதைத் 'தோட்டம்' என்று சொன்னோம். இப்போது எனக்கு அதன் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது வேறு எதையோ பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது.

நான் நிலத்தைக் கொத்தி, நெருக்கமாகக் கோவா விதைத்தேன். அம்மா மேசையில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இடையிடையே கண்ணாடிக்கு மேலால் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"உதுக்கை எப்பிடி நடந்து போய்த் தண்ணி விடுவாய்? நடுவில நிக்கிறதுக்குத் தண்ணி எட்டாதே."

உண்மைதான். நடுவில் நின்ற கன்றுகள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "இதில ஒரு வழி விடு" என்றார். பிறகு, "இங்கை தா, நான் பாக்கிறன்" என்றார். ஜோய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் சட்டி பிடிப்பதுபோலப் பிடித்தார். திரையில் தோட்டம் செய்த பொடியன் முதலில் வேலியில் போய் முட்டினான். பிறகு நாயில் முட்டினான். அம்மா நாயிடம் "தள்ளு, தள்ளு" என்றார்.

மேல்வீட்டு ஆன்ட்டி இதற்குள் எப்படி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த முஸ்லிம் பெண். கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. அது கரண்ட் வெட்டு அடிக்கடி நடந்த காலம். ஒருநாள் போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் அவர்களுடைய டீவி எரிந்துபோயிற்று. பின்னேர நாடகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு ஆன்ட்டி கீழே வந்தார். வந்தவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"இது என்ன நாடகம், டீச்சர்?"

"நாடகமில்லை. தோட்டம்" என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆன்ட்டி கதிரையில் இருந்தார். சற்று நேரத்தில் திரையில் நின்ற பொடியனைக் காட்டி, "இந்தப் புள்ள காலைல இருந்து ஒண்டும் தின்னல்லயே" என்றார். அன்று நாடகம் யாரும் போடவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு அம்மா குளித்துத் தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்கு ஆன்ட்டி சரியாக வந்துவிடுவார். அம்மாவின் கையில் ஜோய்ஸ்டிக். ஆன்ட்டியின் வேலை யோசனை சொல்வது. மொழி தெரியாததால் எல்லாவற்றையும் படத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் யாராவது பெட்டி பெட்டியாக எழுத்து வரக் கதைத்தால், ஆன்ட்டி அவர்களுடைய முகத்தைப் பார்த்து அதற்குத் தமிழ் சொல்வார். "முட்ட கேக்கிறாங்க போல. ரெண்டு குடுங்க டீச்சர், பாவம்." பொடியன் படுக்கைக்குப் போனால் மட்டும்தான் விளையாட்டு சேமிக்கப்படும். ஆகவே கரண்ட் போகும் நேரம் நெருங்கினால் ஆன்ட்டி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "படுக்கப் போடுங்க, படுக்கப் போடுங்க" என்று அவசரப்படுத்துவார். அண்ணா இதையெல்லாம் பார்த்து வாயில் கை வைத்துச் சிரிப்பான். ஆனால் அந்த நேரத்தில் மெஷினைக் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

தோட்டம் நன்றாக வந்தது. தக்காளி, சோளம், கத்தரி என்று நிலம் முழுவதும் நிறைந்தது. அம்மா ஒரு அங்குலம்கூடச் சும்மா விடவில்லை. அப்போதுதான் அது நடந்தது. ஒருநாள் பொடியன் நித்திரையால் எழுந்து கதவைத் திறந்தான். வெளியே எல்லாம் வெள்ளை. வேலி, கூரை, நாயின் கூடு எல்லாம் வெள்ளை. நிலத்தில் ஒரு கன்றுகூட இல்லை.

அம்மா ஜோய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"டீச்சர்," என்றார் ஆன்ட்டி மெல்ல, சாவுச் செய்தி சொல்லும் குரலில், "தக்காளி எல்லாம் மௌத்தாப் பெய்த்து."

"நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

அண்ணாதான் அறைக்குள்ளிருந்து வந்து பார்த்து, "ஸ்னோ அம்மா. விண்டர் வந்திட்டுது" என்றான். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. வருடத்தில் பாதி மழை, பாதி வெயில், அதற்குமேல் பருவம் என்று எங்களுக்கு என்ன தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவின் போன் வந்தது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. சண்டைக் காலத்தில் தனியாகக் கனடாவுக்குப் போனவர். ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஞாயிறு தவறாமல் எடுப்பார். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சுகமோ, சுகம். சாப்பிட்டாச்சோ, ஓம். பிள்ளைகள் படிக்கினமோ, படிக்கினம். ரெலிபோன் காட்டில் காசு முடிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு பேரும் வேகமாக நல்ல செய்திகளை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். அன்று அம்மா சுகம் விசாரித்த கையோடு கேட்டார்.

"உங்கை ஸ்னோ கொட்டினால் மரக்கறி எல்லாம் என்ன ஆகும்?"

போனில் சத்தம் வெளியே கேட்கும். ஆன்ட்டியும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம்.

"ஏனக்கா கேக்கிறாய்?"

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சின்னம்மா சிரித்த சிரிப்பு எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒண்டும் வளராது" என்றார் சின்னம்மா. "மரமெல்லாம் விறகு மாதிரி நிக்கும். நான் வந்த முதல் வருசம், எல்லாம் செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சனான்."

"ஒருத்தரும் சொல்லேல்லையோ உனக்கு?"

"ஆரட்டைக் கேக்கிறது?"

சின்னம்மாவே தொடர்ந்தார். வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்றார். அந்த முதல் வருடம் யாரோ கொடுத்த ஆம்பிளைச் சப்பாத்து இரண்டு கால் போகும் அளவுக்குப் பெரிதாம். அதற்குள் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாராம். குளிரில் அழுதால் கண்மடல் ஒட்டிக்கொள்ளும், அதனால் அழுகையை வீடு வரைக்கும் பிடித்துவைத்துக்கொண்டு வருவாராம். ஏதோ வேடிக்கை போலத்தான் சொன்னார்.

"நீ எனக்கு இதொண்டும் சொல்லேல்லையே" என்றார் அம்மா.

"நீ இண்டைக்குத்தானே கேட்டனி."

அத்துடன் காட் முடிந்து லைன் போய்விட்டது. அம்மா ரிசீவரை வைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி எழுந்து போய் எங்கள் குசினியில் தானே தேநீர் போட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் அண்ணா ஒரு வழி சொன்னான். பனிக்காலத்தில் விதைக்க முடியாது, அதனால் பொடியனைத் திரும்பத் திரும்பப் படுக்கப் போட்டால் நாட்கள் ஓடிவிடும், ஒரு பின்னேரத்திலேயே அடுத்த பருவத்துக்குப் போய்விடலாம் என்றான். நல்ல யோசனைதான். எனக்கும் அதுதான் விருப்பம்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "அவன் எழும்பி வெளியாலை போகட்டும்."

"போய் என்ன செய்யிறது அம்மா? ஒண்டுமில்லையே அங்கை."

"ஆக்களோடை கதைக்கட்டும்."

அப்படியே செய்தார். ஒவ்வொரு நாளும் பொடியனை எழுப்பி, மாட்டுக்குப் புல் போட்டு, கோழி முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பனிக்குள்ளால் ஊருக்கு நடத்திக்கொண்டு போவார். ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே முட்டை கொடுப்பார். ஆன்ட்டி தமிழ் சொல்வார். விதைப்பதும் இல்லை, அறுவடையும் இல்லை. வேறு எந்த விளையாட்டையும் அப்படி, ஒன்றும் கிடைக்காமல், விளையாட முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பனிக்காலத்தை ஒரு நாளைக்கூடத் தவறவிடாமல் முழுவதாக விளையாடினார்கள்.

அந்த நாட்களில்தான் அம்மா தானாகவே கனடாவுக்கு எடுக்கத் தொடங்கினார். ஞாயிறு வரும்வரைக்கும் காத்திருக்கவில்லை. சின்னம்மா வேலையால் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் முன் காலையில் எடுப்பார். ஆன்ட்டியும் அந்த நேரத்துக்குக் கீழே வந்துவிடுவார். சாப்பிட்டாயோ என்று கேட்பதை விட்டு, என்ன சாப்பிட்டாய், ஆரோடு கதைச்சாய் என்று கேட்டார். சின்னம்மாவும் சொல்லத் தொடங்கினார். மேற்பார்வையாளரைப் பற்றி, பக்கத்து அறைப் பெண்ணைப் பற்றி, பழகிவிட்டு இப்போது பிரிய நினைத்த ஒருவரைப் பற்றி. இந்தக் கடைசி விஷயத்தைக் கதைக்கும்போது என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆன்ட்டி இருக்கலாம், நான் இருக்கக் கூடாது.

விளையாட்டில் பனி போய் நிலம் பச்சையான அன்று ஆன்ட்டி கைதட்டினார். அம்மாவுக்கும் சந்தோசம்தான். ஆனால் என்னைப் பார்த்து, "சின்னம்மா எடுத்தால் இதைச் சொல்லிப்போடாதை" என்றார். "அவளுக்குப் பனி போக இன்னும் கன நாள் கிடக்கு."

பிறகு டிஸ்க்கில் கீறல் விழுந்தது. குடிசைப் படம் வந்து அப்படியே நின்றுவிடும். அண்ணா பற்பசை பூசித் துடைத்துப் பார்த்தான், சரிவரவில்லை. அதே விளையாட்டு வேண்டுமென்று கடை கடையாகக் கேட்டோம். அப்படியொன்றை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆன்ட்டி வீட்டுக்குப் புது டீவி வந்தது. ஆனாலும் பின்னேரத் தேநீருக்கு அவர் கீழேதான் வந்தார். சில வருடங்களில் மகளோடு இருக்கத் தெஹிவளைக்குப் போனார்.

யுத்தம் முடிந்த பிறகு சின்னம்மா முதன்முறையாகக் கொழும்புக்கு வந்தார். அம்மாவும் அவரும் விமானநிலையத்தில் அதிகம் அழவில்லை. காரில் வரும்போது நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோலக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாள் ஆன்ட்டி ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சின்னம்மாவை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உங்களப் பத்தி எனக்கி எல்லாம் தெரியும்" என்றார் ஆன்ட்டி, கையைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா சொன்னவவோ?"

"டீச்சர் ஒண்டும் சொல்லல்ல. போன் கதைக்கக்குள்ள நான் பக்கத்துலதானே ஈந்த."

சின்னம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். பிறகு மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். வெயில் தணிந்ததும் கடற்கரைக்கு நடக்கப் போகிறோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வட்டிலப்பத்தை ஃபிரிட்ஜுக்கை வை" என்றார் அம்மா. படியிறங்கும் சத்தமும், ஆன்ட்டி ஏதோ கேட்பதும், சின்னம்மா அதற்கு நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டு போவதும் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டன.