ரஸ்க் மட்டும் வேண்டாம்

போன வருடம் ஜூலை மாதம். குன்னம் வழியாக அரியலூர் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நடுவழியில் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினேன். ரத்தம் போனது. திரும்பி வந்தபோது பஸ்ஸில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். மாத்திரை கொடுத்தார். அடுத்த பரிசோதனைக்குள் அடங்காவிட்டால் குடலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். “ஆண்டவரே, வெட்டாமல் காப்பாற்றும்” என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

சபையார் தவறாமல் வந்தார்கள். வயிற்றில் கைவைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். போகும்போது ரஸ்க், பிரெட், கிரீம் பிஸ்கட் என்று தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சோறு இறங்காத நான் அதையே டீயில் நனைத்துத் தின்றேன். மாத்திரையும் விடவில்லை, ரத்தமும் நிற்கவில்லை. என் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காலி பாக்கெட்டுகளைப் பெருக்கிய என் மனைவி ஸ்டெல்லா ஒன்றைத் திருப்பிப் படித்தாள்.

“ஏங்க, இதுல என்னென்னமோ நம்பர் போட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுவமா?”

ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனோம். எனக்கு வெட்கம். டாக்டர் சிரிக்கவில்லை.

“இந்த நம்பர்ல சிலது, தண்ணியும் எண்ணெயும் பிரியாம இருக்கச் சேக்குற பொருளுங்க. சிலருக்குப் புண்ணைக் கிளறலாம். எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”

நிறுத்துவது எளிது. அன்போடு கொண்டுவருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றேன்.

“எனக்காக ஜெபம் பண்ணுங்க. ரஸ்க் மட்டும் வேணாங்க.”

யாரோ சிரித்தார்கள். பாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். “நெறைய வாங்கியாந்தது நாந்தான் தம்பி” என்றார். மறுநாள் வந்து, எங்கள் அடுப்பில் குழைந்த சோறும் பருப்பு ரசமும் வைத்துக் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் ஜெபித்தார்.

அடுத்த பரிசோதனையில் புண் ஆறத் தொடங்கியிருந்தது. வெட்ட வேண்டாம் என்றார் டாக்டர். ஸ்டெல்லா அங்கேயே அழுதுவிட்டாள். மாத்திரையாலா, சாப்பாட்டாலா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் தந்தவர் ஒருவரே. இன்று அதே பஸ்ஸில் போகிறேன். பையில் மாத்திரையும் வீட்டுச் சோறும் இருக்கின்றன.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். பதில் டாக்டர் வாயிலிருந்தும் வரும், குப்பை பெருக்குகிற மனைவியின் வாயிலிருந்தும் வரும். வியாதிக்காரரைப் பார்க்கப் போகும்போது, என்ன சாப்பிட முடியும் என்று முதலில் கேளுங்கள். வெறுங்கையோடு போனாலும் குறையில்லை. ஜெபிக்க அந்தக் கை போதும்.