முதுகைத் திருப்பி உட்கார்ந்த பிள்ளை

போன வாரம் இரத்தப் பரிசோதனைக்காக நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. “ஊசிக்குப் பயமாம்மா?” என்று பக்கத்து வாங்கில் இருந்த அம்மா கேட்டார். ஊசியாவது மண்ணாங்கட்டியாவது! பினாயில் வாசனை வந்தால் மேற்பார்வை வருகிறது என்று என் வயிறு இன்றைக்கும் நம்புகிறது. கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை முதல் நாளே பினாயில் விட்டுக் கழுவிவிடுவோம்.

தொண்ணூறுகளில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததே, அதில் நானும் ஒருத்தி. எங்கள் குடும்பத்தில் கொழுந்துக் கூடை தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். வீட்டில் என்னைப் பெரிய மகாராணி மாதிரி நடத்தினார்கள். ஆனால் நியமனம் தற்காலிகம். மேற்பார்வைக்கு வருகிறவர் நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரமாகும். எழுதாவிட்டால்? அம்மாவின் கூடை வாசலிலேயே தொங்கும். காலையில் சேலை கட்டும்போது அது கண்ணில் படும். படக்கூடாது என்று முகத்தைத் திருப்பினாலும் படும்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஏழாம் வகுப்பின் கரும்பலகை. அங்கே கணக்கு எடுப்பவர் அதிபர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர். அவருடைய குரல் தேயிலை ஃபெக்டரி வரைக்கும் கேட்கும். நான் இங்கே வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் அங்கே முக்கோணத்தின் கோணங்களைப் பற்றி இடி இடிப்பார். என் பிள்ளைகளில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். மழை பெய்துவிட்டால் தகரக் கூரைச் சத்தத்தில் இரண்டு பேருமே வாயசைத்துக்கொண்டு நிற்போம்.

சரசு என் வகுப்பில் இருந்தாள். நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் அவள் விடையை எழுதிவிடுவாள். பார்த்து எழுதுகிறாள் என்று முதலில் நினைத்தேன். யாரைப் பார்த்து? அவளுக்கு முன்னால் முடித்தவர்கள் யாருமே இல்லையே! முடித்துவிட்டுச் சும்மா இருப்பாளா, பக்கத்தில் இருப்பவளின் சடையைப் பிரித்துப் போடுவாள். ஒருநாள் பார்த்தால் வாங்கில் காலை அந்தப் பக்கம் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! கிட்டப் போனால், கொப்பியில் அதிபர் போட்ட முக்கோணக் கணக்கைச் செய்திருந்தாள். சரியாகவும் செய்திருந்தாள்.

“டீச்சர், நீங்க குடுத்தது முடிஞ்சிருச்சி. இதப் பாக்கவா?” என்றாள்.

பார் என்றேன். என் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம், அங்கே பிடிபடாததை என்னிடம் கேட்கலாம் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மீத்திறன் அது இது என்ற சொற்களெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் படித்தேன், போங்கள்!

மேற்பார்வை திடீரென்று வராது. தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் அடிவளைவில் தெரிந்ததும் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் “ஓ…ய்” என்று ஒரு நீளக் குரல் கொடுப்பார்கள். மலைக்கு மலை அது தாவும். கல்விக் கந்தோர் வேனுக்கும் அதே மரியாதைதான். குரல் கேட்டதும் முன்பே நாலைந்து தடவை நடத்திப் பழக்கிய பாடத்தை எடுப்போம். பிள்ளைகளும் அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளப்பார்கள். சரசுவையும் நேராகத் திருப்பி உட்கார வைத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

ஆனால் மேற்பார்வை வந்த அன்றைக்கு மண் சரிந்து வேன் கீழேயே நின்றுவிட்டது. அதிகாரி குடையை விரித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதையில் ஏறி வந்திருக்கிறார். மேலே இருந்தவர்கள் யாரோ இழவுக்குப் போகிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். குரல் இல்லை, பினாயில் இல்லை, ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்தால் வாசலில் ஆள் நிற்கிறார். ஐயோ, என் கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக உடைந்தது. அவருடைய காலுறையில் இரத்தம் குடித்த ஓர் அட்டை கொழுகொழுவென்று தொங்கியது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லத்தான் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது.

“ரீச்சர், அந்தப் பிள்ளை ஏன் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்குது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அதிபர் ஓடி வந்துவிட்டார். “அது கொஞ்சம் மந்தமான புள்ளைங்க சேர். டீச்சர் தனியா கவனிச்சிக்கிறாங்க” என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கவனிக்கிறாரா என்று அதிகாரியின் தாளில் ஒரு வரி உண்டு, அதற்குப் புள்ளி கிடைக்கும். நான் தலையை ஆட்டினால் போதும், வேலை நிரந்தரம். அப்போது சரசு திரும்பி என்னைப் பார்த்தாள். மந்தம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளையா அவள்!

“இல்லைங்க சேர், அவ மந்தமில்லைங்க. நான் நடத்துறது அவளுக்குப் பத்தலைங்க. அதான் ஏழாம் வகுப்பப் பாக்குறா” என்றேன். அதிபரின் முகம் கறுத்துவிட்டது. என் நியமனக் கடிதத்தில் அவரும்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

அதிகாரி சரசுவின் கொப்பியை வாங்கிப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு பேனையைத் திறந்தார்.

“மெல்லப் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தாளிலை இடம் இருக்கு. கெதியாய் ஓடுற பிள்ளைக்கு இடமில்லை, ரீச்சர். வகுப்புக் கட்டுப்பாடு எண்ட இடத்திலைதான் இதை நான் போடவேணும். பிறகு ஒருக்கா வாறன்.”

குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். அட்டையும் அவரோடு போனது.

மறுநாள் கணக்கு முடித்ததும் சரசு திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். “திரும்பிக்கம்மா” என்றேன்.

“வேணாம் டீச்சர். என்னாலதான ஒங்கள எழுதிட்டுப் போனாரு. ஒங்களுக்கு வேல இல்லாமப் போயிருமுன்னு அம்மா சொல்லிச்சி. நான் இப்பிடியே இருக்கேன்.”

வேலை போய்விடும் என்று அதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது வந்ததுதான் பயம். இப்படியே விட்டால் இதற்கே பழகிவிடுவாள்.

அன்றைக்கு இடைவேளையில் என் கரும்பலகையை முக்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அதிபரின் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாங்குகளை எல்லாம் அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். அதிபர் பார்த்தார். “என்னமோ செய்ங்க” என்று முனகிவிட்டு, தன் பலகையை என் பக்கமாகக் கொஞ்சம் சரித்து வைத்தார். அதற்குப் பிறகு சரசு என்னைப் பார்ப்பதுபோல் என் தோளுக்கு மேலாக ஏழாம் வகுப்பைப் பார்த்தாள். அடுத்த தடவை அதிகாரி வேனில் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் முன்னால் பார்க்கிறார்கள், கட்டுப்பாடு நன்று என்று எழுதினார். போகும்போது இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் வேலை நிரந்தரமானது. சரசு புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி ஹட்டனுக்குப் படிக்கப் போனாள். பிறகு குடும்பமே கொழும்புப் பக்கம் போய்விட்டது. அப்புறம் எனக்கு விவரம் தெரியாது.

போன வருசம் பரிசளிப்பு விழாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நீள மண்டபம் இப்போது இல்லை. வகுப்புக்கு வகுப்பு சுவர் எழுப்பி, கதவு வைத்து, வெள்ளை அடித்திருக்கிறார்கள். மேற்பார்வைத் தாளிலும் மீத்திறன் மாணவருக்கென்று தனி வரி வந்துவிட்டதாம். நாலாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். “இங்க யாராச்சும் திரும்பி உக்காருவாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்லைங்க டீச்சர். எல்லாம் நேராத்தான் இருக்கும்” என்றாள் பெருமையாக.

எட்டிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தார்கள். கடைசி வாங்கில் ஒரு பிள்ளை மட்டும் எழுதி முடித்து, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஏழாம் வகுப்பு.