கார் தின்ற பொரி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த நீலக் காரை வாங்கியபோது எனக்கு எட்டு வயது. சேற்றிலும் மேட்டிலும் பறக்கிற ராலி பந்தயக் கார்களைப் பார்த்து, அதே சாயலில் செய்த நாலு கதவு வண்டி. பின்னால் ஒரு ரெக்கை. சைலன்சர், பானைக்குள் தலையை விட்டு இருமுகிற மாதிரி உறுமும். வேலப்பன்சாவடியில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் படுத்திருக்கும் நாய்களெல்லாம் எழுந்து நிற்கும். மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

அதை வாங்குவதற்காகத் தன் பங்குக்கு வந்த மனையை விற்றுவிட்டார். அந்த மனையில் சமையலறை இங்கே, ஜன்னல் இங்கே என்று மாமாவின் மனைவி, என் அத்தை, செங்கல் வைத்து அடையாளம் செய்து வைத்திருந்தாள். விற்ற சேதி தெரிந்த அன்றே ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பெரியவர்கள் பேசியதில், ஆயுத பூஜை அன்று மாமா வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்று இறங்கி வந்தாள். அம்மா மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஆட்டோல போய் இட்டுகினு வாடா. அந்தக் காரைக் கொண்ட்டு போயி அவ கண்ணு முன்னாடி நிறுத்தாத."

"ஒரு தபா உள்ள குந்தட்டும்க்கா. அப்பால அவளே வுட மாட்டா, பாரேன்."

காலையில் பூஜை. பெயிண்டில் கீறல் விழுமென்று மாமா சந்தனத்தைக் கண்ணாடியில்தான் வைத்தார். எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள், தையல் மிஷின், என் புத்தகப் பை எல்லாவற்றுக்கும் முன்னால் பொரியும் வெல்லமும் வைத்திருந்தது. பாவம், வாயில்லாத சாமான்கள், சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தன. ஆனால் காரின் பேனட் நடுவே, இஞ்சினுக்குக் காற்றுப் போக அகலமாக ஒரு திறப்பு உண்டு. என் கண்ணுக்கு அது திறந்த வாய்தான். மாமா குளிக்கப் போன நேரத்தில் ஒரு படி பொரியை வெல்லத்தோடு பிசைந்து, பிடி பிடியாக ஊட்டினேன். கார் போதும் என்றே சொல்லவில்லை.

துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு மாமா ஆவடிக்குப் போனார். அத்தை பையோடு வெளியே வந்து, காரைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். அப்புறம் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஒரு நல்ல சண்டையை எதிர்பார்த்திருந்தேன்.

அந்த வண்டியை முன்பு வைத்திருந்தவன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்வாக இறக்கியிருந்தான். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அடிவயிறு தரையில் உரசும். அதனால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் மாமா ஆட்களை இறக்கி ஏற்றுவார்.

"ஒரு நிமிசம் எறங்கேம்மா, அடி தட்டும்."

"நான் எறங்குனாத்தான் உங்க வண்டி ஏறுமா?" என்றாள் அத்தை.

"இன்னா அத்தே, ரெண்டு மாசத்துல வெயிட்டு ஏறிப் போச்சா?" என்றேன் நான்.

மூன்று இடத்தில், பட்டுப் புடவையோடு, நடுரோட்டில் இறங்கி ஏறினாள்.

பருத்திப்பட்டு தாண்டியதும் வெல்லம் கருகுகிற வாசனை. அப்புறம் பேனட்டிலிருந்து புகை. மாமா ஓரங்கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் மாதிரி ஓடிப்போய் பேனட்டைத் தூக்கினார். இஞ்சினுக்கு மேலே, அந்தத் திறப்புக்கு நேர் கீழே, சீப்புப் பல் போன்ற தகடுகள், அவற்றின் இடுக்கெல்லாம் பொரி. உருகிய வெல்லம் கீழே சூடான பைப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், இன்னாடா இது?"

"பொரி மாமா. பூஜைக்கு."

அடிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. அத்தையைப் பார்க்காமலே கையை நீட்டி, "ஒரு ஹேர்பின் குடு" என்றார். அவளும் தலையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மாமா ஒவ்வொரு பொரியாக நெம்ப ஆரம்பித்தார்.

"ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிருவோமே. வண்டிய அப்புறமா வந்து எடுத்துக்கலாம்" என்றாள் அத்தை.

"இரும்மா. சூட்டோட எடுத்தாத்தான் வரும். காஞ்சா கல்லாப் பூடும்."

இப்போது அம்பத்தூரில் ஒரு கார் மெக்கானிக் ஷெட்டில்தான் வேலை செய்கிறேன். அந்தப் புகையால் வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியே வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற அத்தை, பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். மாமா அதைக் கவனிக்கவே ஐந்து பத்து நிமிஷம் ஆனது. குனிந்தபடியே சொன்னார்:

"டேய், அத்தையாண்ட போயி அஞ்சே நிமிசம்னு சொல்லு."

நான் ஓடினேன்.

"அத்தே, அஞ்சு நிமிசமாம்."

"அத அவரு வந்து சொல்ல மாட்டாராமா?"

"எப்டி அத்தே வருவாரு? காருக்குப் பல்லு வெளக்கி வுட்டுகினு கீறாரு."

அத்தை சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் கன்னத்தைத் தடவினாள். ஆவடி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள்.

நான் திரும்பிப் போய்ச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார்.

"பஸ் ஏறிட்டாளா? கோவமாவா போனா?"

"இல்ல மாமா, சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க."

மாமாவின் முகம் தெளிந்தது. "சிரிச்சாளா? அப்ப ஒண்ணியும் இல்ல. நாளைக்கு வந்து இட்டுகினு போலாம்" என்று மறுபடியும் குனிந்துகொண்டார். ஒரே ஒரு கிண்டலில் குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்ட பெருமையில் நானும் பக்கத்தில் நின்று பொரி பொறுக்கினேன்.

அத்தை அப்புறம் வரவே இல்லை. ஒரு பெண் அந்த மாதிரி சிரித்தால் அது எதற்காக என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வயதில் மாமாவுக்கும் தெரியவில்லை.