கையில் திணித்த இரும்பு

1. மருந்துக்குப் பஞ்சமில்லை

அரிப்பு என்ற கடற்கரை ஊரில் படகு எஞ்சின் திருத்தும் கடையொன்றில் இருபத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். எனக்கு வலிப்பு வியாதி. வலிப்பு வந்து விழுந்தவன் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். வேறு இடங்களில் விழுந்தால் சாவிக்கொத்து தேடி ஓடுவார்கள். நான் விழுவதோ எஞ்சின் கடையில், திரும்பிய பக்கமெல்லாம் மருந்து. கண் விழிக்கும்போது ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் சுத்தியலும் இருக்கும். திருத்த வந்தேனா அடிக்க வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

"இரும்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சரிச்சுப் படுக்க வைச்சிட்டுப் பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ," என்றார் கிளினிக்கில் டொக்டர் அம்மா. வலிப்புக்குச் சற்று முன் நடந்தவை மூளையில் பதியாமலே போய்விடலாம் என்றும் அவர்தான் விளக்கினார். உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்த எஞ்சினைக் கழற்றினேன் என்று இன்றும் சொல்வேன். விழுவதற்குப் பத்து நிமிடம் முன் எதைப் பூட்டினேன் என்று கேட்டால் முழிப்பேன். வலிப்புக்கு விழுங்கும் குளிசை வேறு யோசனையை மந்தமாக்கும். 'காபரேட்டர்' என்ற சொல் என் வாயில் வருவதற்குள் வந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆகவே கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி வாங்கினேன். கழற்றும் ஒவ்வொரு சாமானும் ஒரு தட்டில் போகும், அதற்கு மேசையில் ஒரு கோடு. பூட்டியதும் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுவேன்.

"என்னடா சூசை, பள்ளிக்கூடமோ நடத்திறாய்?" என்பார் முதலாளி. அவருக்கு எல்லாம் ஞாபகம். நடக்காததும் ஞாபகம்.

2. ஐந்தாவது கோடு

ஒருநாள் பின்னேரம் பீற்றர் அண்ணையின் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். விடிந்தால் இரண்டு மகன்மாரோடு கடலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். நான் எழும்பியபோது நாக்கு கடிபட்டிருந்தது, தலை இடித்தது. எஞ்சினின் மூடி பூட்டியிருந்தது.

"ஆர் மூடினது?"

"நான்தான்," என்றார் முதலாளி. "நீ எல்லாம் பூட்டிப்போட்டுத்தானே விழுந்தனீ. என்ர கண்ணால கண்டனான்."

மேசையைப் பார்த்தேன். ஐந்து கோடு. நான்குதான் வெட்டியிருந்தது.

"ஒண்டு மிச்சம் கிடக்கு முதலாளி. கழட்டிப் பாக்கோணும்."

"வெட்ட மறந்திருப்பாய். காலமை என்ன சாப்பிட்டனீ எண்டே உனக்குத் தெரியாது. நீ எனக்கு ஞாபகம் படிப்பிக்கிறியோ?"

நியாயமான கேள்வி. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் நடுக்கடலில் நிற்கப்போவது முதலாளியின் ஞாபகம் அல்லவே, மூன்று உயிர்கள். போய் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

"நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவையில்லை!"

"அதை எழுதித் தாங்கோ முதலாளி, மறந்துபோவன்."

பீற்றர் அண்ணைக்கே பொறுக்கவில்லை. "பெடியன் ஒருக்காக் கழட்டிப் பாக்கட்டுமே," என்றார்.

மூடியைத் திறந்தோம். பிளைவீலை இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட் இல்லை. அது இல்லாமல் ஓடினால் கடலில் வைத்து அந்தப் பாரச் சக்கரம் கழன்று பறக்கும். முதலாளி போன் வெளிச்சத்தில் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினார். பீற்றர் அண்ணையின் முகம் மெல்ல மாறியது. சாரத்து மடிக்குள் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினார்.

"இதுவோ தம்பி? நீ விழேக்க, தட்டில கிடந்த இரும்பெண்டு எடுத்து உன்ர கையில வைச்சனான். பிறகு உருண்டு போச்சு, எடுத்து மடியில சொருகிப்போட்டு மறந்திட்டன்."

தன் உயிரைக் கழற்றி எனக்கு மருந்து கொடுத்திருக்கிறார் மனிதர்.

3. படித்த பாடம்

அந்த நட் இல்லாததைக் கண்டுபிடித்தது தான்தான் என்று முதலாளி இன்றும் சொல்லித் திரிகிறார். நல்ல ஞாபகம் அவருக்கு. ஞாபகம் நல்லதென்று நம்புகிறவன் சரிபார்க்க மாட்டான். என் தலையை என்னால் நம்ப முடியாது, அதனால் சரிபார்த்தேன். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அடுத்த முறை நான் விழுந்தபோதும் பீற்றர் அண்ணை கடையில் நின்றாராம். கண் விழித்தபோது சரிந்து படுத்திருந்தேன். தலைக்குக் கீழே அவருடைய சேர்ட். கைகள் இரண்டும் வெறுமை. பக்கத்தில் வெறும் மேலோடு குந்தியிருந்தார்.

"நான் ஒண்டையும் தொடேல்லை தம்பி," என்றார். "வேணுமெண்டால் தட்டை எண்ணிப் பார்."

எண்ணினேன். எல்லாம் இருந்தது.