பதினேழாவது எழுத்து

1988 பங்குனியில் கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொடத் தெரிந்தவள் எஸ்தர்ராணி ஒருத்திதான். மதுரையில் ஒரு வருஷம் ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துவிட்டு வந்திருந்தாள். மானேஜர் செண்பகராஜ் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, முந்நூறு தொழிலாளர்களின் பெயரும் ரத்த வகையும் கொண்ட பட்டியல். விபத்து நடந்தால் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியது.

பெயரை எப்படி வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ப நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் எழுத்துக்கு ஒன்றாக, எல்லாப் பெயருக்கும் ஒரே அளவாகக் கட்டம் ஒதுக்கிவிடலாம். முதலில் இடம் கேட்டு வாங்கும்படிதான் எழுதினாள். வாங்கியதை எங்கோ திருப்பிக் கொடுக்க விட்டுப்போயிற்று. பகல் முழுக்கப் பட்டியலை அடுக்கி அடுக்கிப் பார்த்ததில் சாயங்காலம் நினைவகம் தீர்ந்து மெஷின் அப்படியே உறைந்து நின்றது.

“திங்கக்கிழமை மொதலாளி பாக்க வாராவ. ஆகுமா ஆகாதா?” என்றார் செண்பகராஜ்.

“ஆயிரும் அண்ணாச்சி. பேருக்குப் பதினாறு கட்டம்னு போட்டுருதேன்.”

அப்போதிருந்த பெயர்களில் பதினாறு எழுத்தை எட்டியது ஒன்றுமில்லை. பெயர்க் கட்டங்களை ஒட்டியே ரத்த வகையின் கட்டம். மெஷின் நிற்கவில்லை. முதலாளியும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆடியில் இன்னொரு வேலுத்தாய் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே பெயர்க் குழப்பம் வராதிருக்க, பெண்கள் எல்லார் பெயரோடும் புருஷன் அல்லது தகப்பன் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். எஸ்தர் ஒரு வாரம் உட்கார்ந்து சேர்த்தாள். அச்சடித்து வந்தபோது சில பெயர்களுக்கு நேரே ரத்த வகை காலியாக இருந்தது. முன்பு இருந்ததாக ஞாபகம். விட்டுப்போயிருக்கும் என்று பழைய ரத்த வகை அட்டைகளைப் பார்த்துப் பேனாவால் எழுதி, ஒரு பிரதியைக் கடம்பூர்க் கிளைக்கும் அனுப்பினாள். ஆனாலும் அந்த வெற்றிடங்கள் அவள் கண்ணிலேயே நின்றன.

ஆவணியில் தீக்குச்சி மருந்து கலக்கும் அறை வெடித்தது. ஓடு விழுந்து பழைய வேலுத்தாயின் கால் பிளந்துவிட்டது. பட்டியலில் அவளுக்கு ‘ஏ’. ரத்தம் கொடுக்க ஏ வகைக்காரர்கள் நாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து கண்ணுசாமி போன் செய்தார்.

“உங்க பட்டியல்ல ஏ. இங்கன பாத்தா ஓ. ரெண்டு தடவை பாத்துட்டேன். ஓ ஆளை அனுப்புங்க, சீக்கிரம்.”

ஆள் தேடிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. வேலுத்தாய் பிழைத்தாள். கால்தான் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தாமதத்தால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை, எஸ்தரும் கேட்கவில்லை.

புரோகிராமைத் திறந்தாள். வேலுத்தாய் பிச்சையா. ஆங்கிலத்தில், இடைவெளியோடு, பதினேழு எழுத்து. பதினேழாவது எழுத்து ‘ஏ’. அது இடமில்லாமல் வழிந்து, அடுத்த கட்டத்திலிருந்த ‘ஓ’வின் மேல் உட்கார்ந்திருந்தது. அச்சில் பெயர் முழுசாகவே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“லேப்காரன் தப்பாச் சொன்னான்னு இருக்கட்டும்மா,” என்றார் செண்பகராஜ் தணிந்த குரலில்.

“தப்பு என்னோடது அண்ணாச்சி. இன்னும் எத்தனை பேருன்னு பாக்கணும்.”

பழைய அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பதினொரு பெயர்கள் வழிந்திருந்தன. ஒன்பதில், பெயரின் முடிவைக் காட்டும் வெற்றுக் குறி மட்டும் வழிந்து, ரத்த வகை காலி. பார்த்தாலே தப்பென்று தெரிந்துவிடும். இரண்டில் மட்டும் நம்பும்படியான எழுத்து. ஒன்று வேலுத்தாய். மற்றது கடம்பூர்க் கிளையில் வேலை செய்யும் மிக்கேலம்மாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கடம்பூர் போனாள். அங்கே மேஸ்திரி தங்கசாமி, “அந்தத் தாளா? நாலு காப்பி எடுத்து ஷெட்டுக்கு ஒண்ணா ஒட்டச் சொன்னேன். ரெண்டு இருக்கு. மத்தது யாரு எடுத்தான்னு தெரியல,” என்றார்.

இருந்த இரண்டையும் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிக்கேலம்மாளைத் தேடிப் போனாள். அவள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்களுக்கு பி வகை. தாள்ல ‘ஏ’ன்னு தப்பா விழுந்திருக்கு. யாரு ‘ஏ’ன்னு சொன்னாலும் ஒத்துக்கிடாதீங்க.”

மிக்கேலம்மாள் கையை நிறுத்தாமல் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்நேரம் எனக்கு நெனவு இருந்தாத்தானம்மா சொல்லுவேன்.”