மூன்று எழுத்தும் உள்ள வார்த்தை

பிள்ளைகளே, இந்த விளையாட்டு ரொம்பச் சுலபமானது. மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைச் சொல்லுவார்கள். அந்த மூன்றும் உள்ள ஒரு வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டும். எழுத்துகள் முன்னே பின்னே இருக்கலாம், நடுவில் வேறு எழுத்துகளும் வரலாம். சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்று, காணிக்கையாக வந்த காய்கறி ஏலம் முடிந்ததும் இதை வைப்பார்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் ஜோடி. ஒரு சுற்றில் பெரியவர் சொன்னால் அடுத்த சுற்றில் பிள்ளை சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் திணறினாலும் ஜோடியே வெளியே போக வேண்டியதுதான். காதில் கிசுகிசுக்கவும் கூடாது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஜோடி எப்போதும் அவள் அம்மாதான். அம்மா நர்ஸ், இங்கிலீஷ் நன்றாக வரும். இந்த வருஷம் பார்த்து பண்டிகை ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள்.

"அப்ப நான் ஆடல," என்றாள் மகள்.

"ஏன், அப்பா இருக்காருல்ல?"

"அப்பாவுக்கு இங்கிலீஷ் வராதேம்மா."

என்னை நோகடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உண்மையும் அதுதான். ஹனூர் பக்கத்தில் கன்னடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன் நான். இப்போது ஒரு லேபில் வேலை. விஜயநகர், அக்ரஹாரம் என்று ஒவ்வொரு கிளினிக்காகப் போய் ரத்தம், சிறுநீர் சாம்பிள்களை வாங்கி, ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பேன். பெயர்ச் சீட்டைப் படிக்குமளவு இங்கிலீஷ் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. என்னோடு மேடை ஏற அவள் கூச்சப்படக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கடை போர்டுகளைப் படித்தேன். பின்னால் ஹாரன் அடித்தால்தான் பச்சை விழுந்ததே தெரியும்.

சனிக்கிழமை சாயந்திரம் மகளிடம் போய், "ஒரு டெஸ்ட் வச்சுப் பாரு," என்றேன்.

அவள் நம்பிக்கையில்லாமல், "டி, ஐ, என்," என்றாள்.

"பிரிண்டிங்."

நிமிர்ந்து பார்த்தாள். "ம்ம், ஸ்டேஷன்."

"பெயிண்டிங்."

"டிரெயின்."

"திண்டி!"

"அப்பா! அது கன்னடம்ப்பா!"

"எப்படிக் கன்னடம்? அக்ரஹாரத்துல போர்டு முழுக்க இங்கிலீஷ் எழுத்துலதானே எழுதியிருக்கான்? நானே படிச்சேன்."

"இட்லி தோசைக்குப் பேரு அது! இங்கிலீஷ் எழுத்துல எழுதிட்டா இங்கிலீஷ் ஆயிடுமா?"

டிபனுக்குக் கன்னடத்தில் திண்டி என்பது எனக்குத் தெரியாதா? தினமும் அதைத்தானே தின்கிறேன். ஆனால் போர்டில் பார்த்தபோது மூன்று எழுத்தும் இருந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அவள் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாங்க. ஆனா போர்டையெல்லாம் ஒப்பிக்கக் கூடாது," என்றாள்.

மறுநாள் மேடை வரிசையில் நாங்கள்தான் கடைசி ஜோடி. மைக் பிடித்த வாலிபர், "ஐ, என், ஈ," என்றார். மற்ற ஜோடிகள் லைன், டின்னர், ஃப்ரெண்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எங்கள் முறை வந்தது. முதலில் பெரியவர்கள். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் ஞாபகம் வந்தது. தினமும் நூறு தடவை டப்பாக்களின் மேல் படிக்கிற வார்த்தை. அதைப் போய்ச் சபையில் எப்படிச் சொல்வது? முன் வரிசையில் எங்கள் போதகர் ஐயர் வேறு உட்கார்ந்திருந்தார்.

வாலிபர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"யூரின்," என்றேன்.

கூடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் விசில் அடித்தார். ஐயர் எழுந்து திரும்பி, "சிரிக்கிறவங்கள்லாம் டெஸ்ட்டுக்குக் குடுக்காதவங்களா? செல்லும், செல்லும்," என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள். எது நடக்கக் கூடாது என்று இருந்தேனோ அது நடந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி எங்கள் முறை வந்ததும், குனிந்த தலை நிமிராமலே, "மெடிசின்," என்றாள்.

அப்போது வாசலில் அவள் அம்மா நின்றாள். கூட வேலை செய்யும் ஒருவர் டியூட்டியை ஏற்றுக்கொள்ள, யூனிஃபார்மோடு அப்படியே ஆட்டோ பிடித்து ஓடி வந்திருக்கிறாள்.

"அக்கா வந்துட்டாங்க! ஆளை மாத்திக்கலாம் பாப்பா, பரவாயில்ல," என்று மைக்கிலேயே சொன்னார் வாலிபர். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேடைப் பக்கம் வந்தாள். நான் இறங்குவதற்கு ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன்.

மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"பேடா அண்ணா, மாத்த வேணாம்," என்று பாதிக் கன்னடத்தில் வாலிபரிடம் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ உட்காரும்மா. இப்பத்தான் இவரு ஃபார்முக்கு வந்திருக்காரு."

"அடியேய்!" என்று சிரித்துக்கொண்டே அம்மா ஐயரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

என்னுடைய ஃபார்ம் சரியாக இன்னும் ஒரு வார்த்தை தாங்கியது. "ஆன்லைன்," என்றேன். லைன் ஏற்கெனவே சொன்னதாயிற்றே, செல்லாது என்றார் வாலிபர். எனக்கு அதில் வருத்தமில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். ஆனால் மகள் இறங்கவில்லை.

"அது எப்படிண்ணா ஒண்ணாகும்? லைன்ல நின்னா ஆன்லைன்ல நின்ன மாதிரியா? எங்கப்பா சொன்னது புது வார்த்தை! நீங்க ஐயர்கிட்டயே கேளுங்க!"

அடுத்த சுற்றை ஆரம்பிக்க முதல் ஜோடி மைக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்தபடி, இடத்தை விட்டு அசையாமல், எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தாள்.