ஏரியின் மேல் போட்ட பழி

கசிவுப் புகார் வந்தால் அன்றைக்கே மெக்கானிக் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சிலிண்டர் கொடுப்பவர் வீட்டுக்குள் வந்து, வால்வைச் சோதித்து, அடுப்போடு இணைத்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எரிவாயு நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதிகள் எனக்கு மனப்பாடம். விதியில் வரும் வீடு எப்போதும் தார் ரோட்டோரத்தில்தான் இருக்கும்.

என் அக்காவின் வீடு பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் இருந்தது. ஏஜென்சி வண்டி படகுத்துறையோடு திரும்பிவிடும். கையெழுத்தும் அங்கேயே. அதற்குப் பிறகு சிலிண்டர், ஐஸ் பெட்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில் படகில் உருண்டுகொண்டு வரும். அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரே அதைத் தோளில் சுமந்து வந்து, பூட்டி, அடுப்பைப் பற்றவைப்பார். எரிந்தால் இணைப்பு சரி என்பது அவருடைய சோதனை.

எரிவாயுவுக்கென்று சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று நாற்றத்தைக் கலக்கிறார்கள், அழுகிய முட்டை நாற்றம். கோடையில் முகத்துவாரம் தூர்ந்து தண்ணீர் வற்றும்போது ஏரிச் சேற்றிலிருந்து கிளம்புவதும் ஏறக்குறைய அதே நாற்றம்தான். அதைத் தேர்ந்தெடுத்தவர் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்.

அப்படி ஒரு கோடையில் பொன்னேரியிலிருந்து அவர்களைப் பார்க்கப் போனேன். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாடா அப்டி மோப்பம் புடிக்கிற? ரிட்டேர் ஆயும் மூக்கு டூட்டி பாக்குதா?" என்றாள் அக்கா.

"கேஸ் வாடை வருதுக்கா."

"மேக்காத்துடா அது. ஏரி நாறுது. கடக்காத்து அடிக்கச்சொல்ல நாறுனாதான் கேஸு. எனுக்குத் தெரியாதா?"

மேற்கே ஏரி, கிழக்கே கடல். காற்றின் திசை பார்த்து நாற்றத்துக்குச் சொந்தக்காரனைச் சொல்லிவிடுவாள். அந்தத் திட்டில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. பெரும்பாலும் தப்பாததால்தான் அதை நம்பினார்கள். சோப்பு நுரையைக் குழைத்து வால்வில் தடவினேன். ரெகுலேட்டரை மூடிய பிறகும் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுமையாகக் கிளம்பின. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. அதை மாற்றும் அதிகாரம் ஏஜென்சிக்கு மட்டுமே உண்டு. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு அழுத்தி, சிலிண்டரை வெளியே பந்தலடியில் நிறுத்தினேன். மெக்கானிக் வரும்வரை விறகுதான் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன்.

"உன் தம்பி பேச்சக் கேட்டா புகை. கேக்காட்டி இன்னா?" என்றார் மாமா.

"கேக்காட்டி நெருப்பு மாமா."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே புகாரை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. போன் செய்தபோது, மெக்கானிக் படகில் ஏறுவது பணி வரம்புக்குள் வருமா என்று மேலிடத்தில் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல கேள்வி. எந்தச் சுற்றறிக்கையிலும் படகு கிடையாது. மாற்று சிலிண்டர் கேட்டேன். பழையதை மெக்கானிக் பார்த்துச் சான்று தராமல் மாற்ற முடியாதாம்.

அக்கா சில நாட்கள் புகையில் இருமினாள். பிறகு கோடை மழை வந்து விறகு நனைந்தது. படகுக்குப் போகிறவர்களுக்கு விடியுமுன் சோறு கட்ட வேண்டும். சிலிண்டர் உள்ளே போனது. இரவில் ரெகுலேட்டரை மறக்காமல் மூடிவிட்டுத்தான் படுப்பாளாம். மூடினாலும் கசியும் என்று நான் சொன்னதை அந்தச் சின்னக் குமிழிகளைப் பார்த்தவர்கள்கூட நம்பவில்லை. இரவெல்லாம் கதவு சாத்திய சமையலறையில், தரையோடு தரையாக அது நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று விடியுமுன் மாமா வாசலில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

"'இன்னிக்கி ஏரி ரொம்ப நாறுது'ன்னு சொல்லிக்கினேதான் உங்கக்கா கதவத் தொறந்துச்சு. மேக்காத்துதான் மச்சான். நானும் ஆமான்னேன்."

தீப்பெட்டி உரசிய சத்தம் தனக்குக் கேட்டதாகவும் சொன்னார்.

ஏஜென்சியின் பதில் பிறகு வந்தது. கள ஆய்வில் கசிவு எதுவும் கண்டறியப்படவில்லை, துர்நாற்றம் அருகிலுள்ள ஏரியிலிருந்து வருவது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. யாரும் படகேறவில்லை. படகுத்துறையில் நின்று காற்றை முகர்ந்திருப்பார்கள். அன்றும் மேற்குக் காற்றாக இருந்திருக்கும்.

பதில் கைக்கு வந்த நாள், அக்காவின் கருமாதி.